முன்னே மூன்று வினாடி

தஞ்சோங் மாலிமைத் தாண்டினால்தான் ‘வடக்கே போகிறோம்’ என்ற நினைப்பு எனக்கு வரும். அதுவரை ரவாங், புக்கிட் பெருந்துங் என்று தலைநகரம் விடாமல் பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கும். பேராக் எல்லைக்குள் நுழைந்ததும் வலது பக்கம் தித்திவாங்சா மலைத்தொடர் கூடவே வரத் தொடங்கும். காலை நேரமானால் மலையின் இடுப்பில் மேகம் சுற்றியிருக்கும். இடது பக்கம் செம்பனை, அதற்குள் எங்கோ ஒரு கோயில் கோபுரத்தின் நுனி. கொஞ்ச தூரத்தில் மூன்று தடமாக இருந்த சாலை இரண்டாகச் சுருங்கும். அதுவரை வலது தடத்தில் பறந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொள்வார்கள். பெருநாள் காலத்தில் அந்த ஒட்டல் ஈப்போ வரை விடாது.

புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நாட்டின் முதுகெலும்பு போல் ஓடும் இந்த வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளம் 772 கிலோமீட்டர். 1994 செப்டம்பர் 8ஆம் தேதி அதிகாரப்பூர்வமாகத் திறந்தார்கள். அதற்கு முன் பினாங்குக்குப் போக வேண்டுமானால் பழைய சாலையில் சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராக நுழைந்து வர வேண்டும். அந்தச் சாலையில் பயம் எதிரே வந்தது. லோரியை முந்த வெளியே எட்டிப் பார்த்தால் எதிரே இன்னொரு லோரி நிற்கும். நெடுஞ்சாலை நடுவே தடுப்பைப் போட்டு அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. ஆனால், ஒரே திசையில் எல்லாரும் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போது மிஞ்சி நிற்கும் ஆபத்து முன்னால் போகிறவரின் பின்பக்கமும் நம்முடைய பின்பக்கமும்தான்.

இதையெல்லாம் நான் இத்தனை யோசிக்கக் காரணம் என் மூத்த மகள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவாளாம். வாங்கியிருப்பது பழைய மைவி. கண்ணாடியில் ‘பி’ ஒட்டுவில்லை இன்னும் இருக்கிறது. முதல் முறை அவள் ஓட்டினாள், நான் பக்கத்து இருக்கையில். இருபத்தைந்து ஆண்டுகளாக வலது பக்கம் உட்கார்ந்தே பார்த்த சாலையை இடது பக்கத்திலிருந்து பார்ப்பது வேறு பயணம். கையில் வேலை இல்லை, காலில் மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தேன்.

ஒப்பந்தம் ஒன்றுதான். நான் கத்தக் கூடாது. அவள் எண்ண வேண்டும்.

எண்ணுவது எப்படி என்றால், முன்னால் போகும் கார் ஒரு பாலத்தையோ பலகையையோ கடக்கும்போது ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று தொடங்க வேண்டும். நாம் அந்த இடத்துக்கு வருவதற்குள் எத்தனை சொன்னோமோ அத்தனை வினாடி இடைவெளி. ஓட்டுநர் பள்ளியில் இரண்டு வினாடி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 110இல் இரண்டு வினாடி என்பது ஏறக்குறைய 61 மீட்டர். ஏறக்குறைய பதினாறு மைவி கார்களை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் வரும் நீளம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கண்டு, புரிந்து, கால் பிரேக்கில் விழுவதற்கே ஒன்றரை வினாடி, அதாவது 46 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் கார் வேகம் குறையத் தொடங்கும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் முழுதாக நிற்க மொத்தம் 110 மீட்டருக்கு மேல் வேண்டும்.

அப்படியென்றால் இரண்டு வினாடி எப்படிப் போதும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. முன்னால் போகிறவரும் பிரேக் போட்டு நிற்பார், அவருக்கும் தூரம் தேவைப்படும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. அவர் பிரேக் போடாமல் எதிலோ மோதி நின்றுவிட்டால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் நான் மூன்று எண்ணுவேன். மூன்று வினாடி என்பது சுமார் 90 மீட்டர். இந்த நெடுஞ்சாலையில் நூறு மீட்டருக்கு ஒன்றாகக் கிலோமீட்டர் எண் போட்ட சின்னப் பலகைகள் இருக்கின்றன. முன்னால் போகும் கார் ஒரு பலகையில் இருக்கும்போது நாம் முந்தின பலகையில் இருந்தால் போதும். கார் கெட்டு நின்றால் இடத்தைச் சொல்லத்தான் அந்தப் பலகைகளை வைத்தார்கள். எனக்கு அவை இன்னொரு வேலையும் செய்கின்றன.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் ஊரில் காலியாக இருக்கும் இடத்தைக் காலியாக விடும் பழக்கம் இல்லை. சிலிம் ரிவரைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு வெள்ளைக் கார் இடப்பக்கத்திலிருந்து நுழைந்து அந்த 90 மீட்டரில் பாதியைச் சாப்பிட்டது.

“பாருங்கப்பா, வெட்டிட்டான்.”

“விடுமா. காலை எடு, திரும்ப எண்ணு.”

அவள் காலை எடுத்தாள். அடுத்தது ஒரு பிக்கப். அதற்கடுத்து ஒரு குடும்பம், பின் கண்ணாடி முழுக்கத் தலையணை. “இப்படி விட்டுக்கிட்டே இருந்தா நாம பின்னாடியேதான்ப்பா போவோம்” என்றாள். இந்த வாதத்தை நான் எல்லா வயதினரிடமும் கேட்டிருக்கிறேன். அதனால் அவளையே கணக்குப் போடச் சொன்னேன். ஒருவர் நுழைந்தால் நாம் இழப்பது அதிகபட்சம் மூன்று வினாடி. ஈப்போ போவதற்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பது பேர். மொத்தம் இரண்டு நிமிடம். தாப்பா ஓய்விடத்தில் நாசி லெமாக் வாங்க நாங்கள் நின்ற வரிசை அதைவிட நீளம். பொறியாளர் அல்லவா, அதற்குப் பிறகு அவள் வெட்டியவர்களைத் திட்டவில்லை.

தாப்பாவை விட்டுக் கிளம்பியதும் வலப்பக்க மலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். லாத்தா கிஞ்சாங் நீர்வீழ்ச்சி. மழைக்காலத்தில் மலை உச்சியிலிருந்து பால் ஊற்றுவது போல் இருக்கும். அழகுதான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பும் இடமும் அதுதான். இரண்டு வினாடி திரும்பிப் பார்த்தால் 61 மீட்டர் குருடாக ஓட்டியிருக்கிறோம். கைப்பேசிக்கும் இதே கணக்கு, அதைப் பிடித்தால் சம்மனும் உண்டு. நீர்வீழ்ச்சியைப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து இருக்கைக்கு அந்த ஒரு சலுகை இருக்கிறது.

கோப்பெங்குக்கு முன் சாலை இரண்டு சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே புகுந்து போகும். ஒன்றின் வயிற்றுக்குள்தான் குவா தெம்புருங் குகை இருக்கிறது. நாங்கள் அங்கே வந்தபோது வானம் கறுத்துவிட்டது. அக்டோபர், நவம்பர் என்றாலே மேற்குக் கரைக்குப் பருவம் மாறும் காலம், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். தீபாவளியும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் வருகிறது. ஆக, நம்மவர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வாரமும் சாலை வழுக்கும் வாரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

மழை விழுந்த முதல் சில நிமிடம் மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு சேர்ந்து கூழாகிவிடும். அப்போது மூன்று வினாடி ஐந்து, ஆறு ஆக வேண்டும், வேகமும் குறைய வேண்டும். மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள், சிலர் அவசரத் தடத்தையும் தாண்டி நிற்பார்கள். பாலம் தெரிந்தாலே அதன் அடியில் ஆள் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். இரவில் இன்னும் கஷ்டம். அவர்களின் ஒற்றைச் சிவப்பு விளக்கு தூரத்தில் இருக்கிறதா பக்கத்தில் இருக்கிறதா என்று கண் சட்டென்று சொல்லாது.

மழை வலுத்ததும் முன்னால் போன கார்களில் பாதி நான்கு மூலை விளக்கையும் மினுக்கத் தொடங்கின. நம் நாட்டின் தேசியப் பழக்கம் இது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த விளக்கு ‘நான் நின்றுவிட்டேன், அல்லது நிற்கப் போகிறேன்’ என்று சொல்வதற்கு இருப்பது. ஓடும்போதே போட்டால் தடம் மாறுவதும் தெரியாது, நிஜமாகவே நிற்பவர் யாரென்றும் தெரியாது. மழையில் முன்விளக்கைப் போட்டாலே பின்னால் சிவப்பு விளக்கும் எரியும், அது போதும். நான்கு விளக்கும் போட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் முன்னே எல்லாரும் நிற்பது தெரிந்தால், பிரேக்கோடு சேர்த்து அதையும் அழுத்தலாம். பின்னால் வருகிறவருக்கு நாம் கொடுக்கும் செய்தி அது. அவரும் நின்ற பிறகு அணைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய நாள், இதே நெடுஞ்சாலையில் நெரிசல். அவர் ஒழுங்காகத்தான் நின்றார். பின்னால் வந்த வேன் நிற்கவில்லை. அவருக்கும் முன் காருக்கும் இடையே அரைக் கார் இடம்கூட இல்லாததால், வேன் இடித்த வேகத்தில் இவர் போய் முன்னவரை இடித்தார். ரத்தக் காயம் யாருக்கும் இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்து, காரைப் பட்டறைக்கு அனுப்பி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் காலை எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று மாதம் கழுத்துப் பட்டை. அப்போது அவருடைய கடைக்குட்டிக்கு ஒரு வயது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். தூக்க முடியாமல் அவர் தரையில் உட்கார்ந்து அணைத்துக்கொள்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேனை ஓட்டிய இளைஞனுக்கும் சும்மா போகவில்லை. பின்னால் இடித்தவர் மேல்தான் பொதுவாகப் பிழை விழும். காப்புறுதியில் இழப்பீடு கேட்டால் ஐந்து ஆண்டுகள் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த 55 விழுக்காட்டு என்சிடி கழிவு பூஜ்யத்துக்குப் போய்விடும். அவன் அன்று அழுததாக மச்சான் சொன்னார். திட்டவே தோன்றவில்லையாம்.

அதனால் நெரிசலில் நிற்கும்போது முன் காரின் பின் டயர் தரையைத் தொடுவது நம் இருக்கையிலிருந்து தெரியும்படி நிற்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். டயர் மறைந்துவிட்டால் ஒட்டி நிற்கிறோம் என்று பொருள். நின்றதும் கண் முன்னால் இல்லை, பின்கண்ணாடியில். பின்னால் ஒரு வண்டி நின்று, அதற்குப் பின்னாலும் ஒன்று நிற்கும் வரை கால் பிரேக்கில், மனம் பக்கத்து இடைவெளியில் இருக்க வேண்டும். இருக்கையின் தலைச்சாய்வையும் அப்போதுதான் கவனித்தேன். பழைய உரிமையாளர் கீழே இறக்கி வைத்தது அப்படியே இருந்தது. அதன் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பின்னால் இடிக்கும்போது கழுத்து அதன் மேல் மடியும். சிம்பாங் பூலாயில் இறங்கி எண்ணெய் போட்டபோது நான்கு இருக்கையிலும் ஏற்றிவிட்டோம். பின் இருக்கையிலும் வார் கட்டுவது 2009ஆம் ஆண்டிலிருந்து சட்டம், குழந்தைக்குத் தனி இருக்கை 2020ஆம் ஆண்டிலிருந்து. ஆனாலும் பாட்டி மடியில் பேரனை வைத்துக்கொண்டு போகும் கார் இன்றும் கண்ணில் படுகிறது.

ஈப்போவைத் தாண்டி ஜெலாப்பாங்கில் ஏற்றம் தொடங்கும். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் மிகவும் பயந்த பகுதியும் இதுதான். இருபுறமும் காடு, மேலே மெனோரா சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் பேராக் நதி. வேக வரம்பு இங்கே 80. சரக்கு ஏற்றிய லோரி 40இல் முக்கி முக்கி ஏறும். வரம்பை மதிக்காமல் 110இல் வருகிறவருக்கும் அந்த லோரிக்கும் நடுவே 200 மீட்டர் இருந்தாலும் பத்தே வினாடியில் தீர்ந்துவிடும். லோரி ஓடுவதாகத்தான் கண் நினைக்கும். அது கிட்டத்தட்ட நிற்கும் சுவர்.

என் சித்தப்பா முப்பது ஆண்டு லோரி ஓட்டியவர். “நாங்க முன்னாடி இடம் விட்டுப் போறது உங்க காருக்காக இல்லைடா, எங்க பிரேக்குக்காக” என்பார். ஏர் பிரேக் மிதித்த உடனே பிடிக்காது, காற்று ஓடிப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இருபது, முப்பது டன் பாரத்தை நிறுத்த அவர் விட்டுவைத்த இடத்தில் ஒரு கார் போய் ஒட்டிக்கொண்டு பிரேக் போட்டால் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லோரியை முந்தினால் அதன் முகம் முழுதும் பின்கண்ணாடியில் தெரியும் வரை இடது தடத்துக்கு வராதே என்பது அவர் சொன்ன இன்னொன்று. முன் காரைப் பார்க்காதே, அதற்கு முன்னால் போகும் காரின் விளக்கைப் பார் என்பதும் அவருடையதுதான். முன் காரின் கண்ணாடி வழியாக அந்த விளக்கு தெரிந்தால் நமக்கு ஒரு வினாடி முன்கூட்டியே கடன் கிடைக்கிறது.

இதே மலையில் தெற்கு நோக்கி இறங்குகிறவர்களுக்குத்தான் முன்பு அந்தப் பெரிய ஆபத்து. நீண்ட இறக்கம் முடியும் இடத்தில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் சூடேறி வரும் கனரக வண்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் கார் வரிசை. 2009இல் அந்தச் சாவடியை எடுத்துவிட்டார்கள். ஓட்டுநருக்கு எத்தனை அறிவுரை சொன்னாலும் சில இடங்களில் சாலையைத்தான் திருத்த வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது. இறக்கம் மட்டும் மாறவில்லை. சின்ன கியருக்கு மாற்றி இறங்கினால் பிரேக் சூடேறாது. ஆனால் அப்போது நம் பிரேக் விளக்கு எரியாது என்பதால், இடையிடையே பிரேக்கை லேசாகத் தொட்டுப் பின்னால் வருகிறவருக்குக் காட்டிக்கொண்டே இறங்க வேண்டும்.

தைப்பிங்கைத் தாண்டிச் சமவெளியில் இறங்கியதும் சாலை நேராகிவிட்டது. அங்கேதான் அன்றைய வில்லன் வந்தான். கறுப்புக் கார், நாங்கள் ஒரு பேருந்தை முந்திக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு விளக்கை அடித்தான். பின்கண்ணாடியில் அவனுடைய எண் பலகையே தெரியவில்லை. மகளின் தோள் இறுகுவது தெரிந்தது. பிரேக்கைத் தட்டி அவனைப் பயமுறுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். அது நம் காரை வைத்து ஆடும் சூதாட்டம். அவனை நம்மால் ஓட்ட முடியாது, நம் முன்னால் இருக்கும் இடத்தை மட்டும்தான் ஓட்ட முடியும். முன்னே ஐந்து வினாடி விட்டால், எதுவானாலும் மெதுவாகப் பிரேக் போடலாம். மெதுவாகப் போட்டால் அவனுக்கும் நிற்க நேரம் கிடைக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே காலை எடுத்தாள், முன்னே இடம் பெருகியது, பேருந்தை முந்தியதும் சிக்னல் போட்டு இடது தடத்துக்கு வந்தாள். கறுப்புக் கார் பறந்தது. தோள் இறங்கியது.

பாயான் லெப்பாஸுக்கு இரண்டாவது பாலம்தான் பக்கம். பண்டார் காசியாவில் பிரிந்து போக வேண்டும். டோலை நெருங்கும்போது ஆர்எஃப்ஐடி எந்தத் தடம், டச் என் கோ எந்தத் தடம் என்று எல்லாரும் கடைசி நிமிடத்தில் தேடுவார்கள். அட்டையில் பணம் இல்லாமல் பின்னால் வரும் வீரர்களும் உண்டு. நாங்கள் ஓய்விடத்திலேயே மீதத்தைப் பார்த்துவிட்டோம். 2014 மார்ச்சில் திறந்த இந்தப் பாலம் 24 கிலோமீட்டர், பெரும்பகுதி கடலுக்கு மேல். காற்று காரை லேசாகத் தள்ளியது. தூரத்தில் தீவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. நான் பேருந்தில் திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மாலை அவள் தனியாகக் கிளம்பினாள். ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. “தாப்பால நிக்கிறேன்ப்பா. மழை ரொம்ப மோசம். விட்டதும் கிளம்புறேன். ரசம் இருந்தா எடுத்து வைக்கச் சொல்லுங்க.” மனைவியிடம் காட்டினேன். அடுப்பில் சுட வைக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று தொலைக்காட்சியைப் போட்டாள்.